வெலெரோ 1.9-லேயே நின்றுவிட்டீர்களா? மேம்படுத்த எந்த வழி நல்லது

குபர்னெட்டிஸ் கிளஸ்டரில் (கன்டெய்னர்களில் ஓடும் செயலிகளை நிர்வகிக்கும் கணினித் தொகுதியில்) பேக்கப்புக்கென்று வைத்த மென்பொருளை யாரும் ஆசைப்பட்டு மேம்படுத்துவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஓடுகிறது, காலையில் பார்த்தால் முடிந்தது என்று காட்டுகிறது, அதை ஏன் தொட வேண்டும்? கட்டாயம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரும். அமேசானின் குபர்னெட்டிஸ் சேவையான இகேஎஸ்ஸில் ஒரு பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 14 மாதம். அதைத் தாண்டினால் நீட்டித்த ஆதரவு என்று சொல்லி, கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர் என்றிருந்த கட்டணத்தை 0.60 டாலர் ஆக்கிவிடுவார்கள். மாதத்துக்கு 73 டாலர் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் 438 டாலர். பில்லைப் பார்த்தவர்கள் கேள்வி கேட்க, கிளஸ்டரை மேம்படுத்தக் கிளம்புகிறோம். அப்போதுதான் உள்ளே வெலெரோ 1.9 உட்கார்ந்திருப்பது கண்ணில் படுகிறது.

வெலெரோவைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: 2017-ல் ஹெப்டியோ நிறுவனம் ஆர்க் என்ற பெயரில் வெளியிட்ட திறமூல மென்பொருள் இது. ஹெப்டியோவை விஎம்வேர் வாங்கிய பிறகு, 2019-ல் வெலெரோ என்று பெயர் மாறியது. கிளஸ்டரில் உள்ள டிப்ளாய்மென்ட் (செயலியை எப்படி ஓட்டுவது என்ற விவரம்), சீக்ரெட் (கடவுச்சொல் போன்றவை), கான்ஃபிக்மேப் (அமைப்பு விவரம்) எல்லாவற்றையும் அமேசானின் எஸ்3 போன்ற சேமிப்பகத்தில் ஒரு பக்கெட்டில் சேர்த்து வைக்கும். வால்யூமில், அதாவது செயலியின் வட்டில், இருக்கும் தரவை ஸ்னாப்ஷாட்டாகவோ (வட்டின் அந்த நேரத்து நகல்) கோப்பு கோப்பாகவோ எடுக்கும். அந்தக் கோப்பு வழியில்தான் நம் சிக்கல் இருக்கிறது.

1.9 வரை கோப்புகளை எடுத்தது ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி. 2022 கடைசியில் வந்த 1.10-ல் அதன் பக்கத்தில் கோப்பியா என்ற இன்னொரு கருவி வந்து உட்கார்ந்தது. இப்போது கோப்பியாதான் இயல்பு, ரெஸ்டிக்குக்கு வெளியே போகும் வழி காட்டியாகிவிட்டது. திட்டக்குழு அறிவித்த கால வரிசை தெளிவானது. 1.15, 1.16 பதிப்புகளில் ரெஸ்டிக் பேக்கப் எடுக்கலாம், ஆனால் எச்சரிக்கை வரும். 1.17, 1.18-ல் புதிய ரெஸ்டிக் பேக்கப் எடுக்க முடியாது, பழையதை மீட்க மட்டும் முடியும். 1.19-ல் மீட்பதும் கிடையாது.

இந்த வரிசையைப் படித்தவுடன் கேள்வியே மாறிவிடுகிறது. புதிய பதிப்பை எப்படி ஏற்றுவது என்பது ஒரு மதிய வேளை வேலை. பக்கெட்டில் கிடக்கும் பழைய பேக்கப்பை இன்னும் எத்தனை நாளைக்கு மீட்க வேண்டியிருக்கும் என்பதுதான் வழியைத் தீர்மானிக்கிறது. வெலெரோவில் ஒரு பேக்கப்பின் ஆயுள், நாம் எதுவும் சொல்லாவிட்டால், 30 நாள். அதை அப்படியே விட்டவருக்கு ஒரு பதில், தணிக்கைக்காக ஏழு வருடம் வைத்திருப்பவருக்கு வேறு பதில்.

ஒவ்வொரு படியாக ஏறுவது

அதிகாரபூர்வ ஆவணங்கள் நீண்ட காலமாகச் சொல்லிவந்த வழி இது. 1.9-லிருந்து 1.10, அங்கிருந்து 1.11 என்று ஒவ்வொன்றாகப் போவது. ஒவ்வொரு படியிலும் சிஆர்டிகளை (வெலெரோ கிளஸ்டரில் சேர்க்கும் பொருள் வகைகளின் வரையறைகளை) புதுப்பித்து, இமேஜ் (மென்பொருள் பொதி) எண்ணை மாற்றி, அந்தப் பதிப்புக்குரிய ப்ளகினையும் (சேமிப்பகத்தோடு இணைக்கும் துணை மென்பொருள்) சேர்த்து மாற்ற வேண்டும். ஏடபிள்யூஎஸ் (அமேசான் மேகக்கணி) ப்ளகினுக்குத் தனி எண் வரிசை: வெலெரோ 1.10-க்கு 1.6, 1.14-க்கு 1.10, 1.17-க்கு 1.13. இந்த இரண்டு வரிசையும் ஒரே மாதிரி தோற்றமளிப்பது யாருக்கும் நல்லதில்லை. குபர்னெட்டிஸில் மென்பொருளை நிறுவும் கருவியான ஹெல்மின் சார்ட்டுக்கு (நிறுவல் பொதி) உள்ள எண் மூன்றாவது வரிசை. சார்ட் 7 என்றால் வெலெரோ 1.14, சார்ட் 8 என்றால் 1.15.

ஒன்று அல்லது இரண்டு பதிப்பு மட்டும் பின்தங்கியிருப்பவருக்கு இதுவே போதும், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஷெட்யூல்கள் (பேக்கப் எப்போது ஓட வேண்டும் என்ற அட்டவணைகள்) அப்படியே இருக்கும், அனுமதிகள் அப்படியே இருக்கும், தவறினால் முந்தைய இமேஜுக்குத் திரும்புவதும் பெரும்பாலும் எளிது.

1.9-லிருந்து வருபவருக்குத்தான் இது நீண்ட பயணம். எல்லாப் படியும் ஒரே உயரமும் இல்லை. 1.10-ல் ரெஸ்டிக் என்ற டீமன்செட்டுக்கு (கிளஸ்டரின் ஒவ்வொரு கணினியிலும் ஓடும் வகை) நோட்-ஏஜென்ட் என்று பெயர் மாறியது. பழைய டீமன்செட்டை நாமே அழிக்க வேண்டும். சர்வருக்குக் கொடுத்திருந்த தேர்வுகளிலும் ரெஸ்டிக் என்ற சொல் வரும் இடங்கள் மாறின. அதைக் கவனிக்காமல் இமேஜை மட்டும் மாற்றினால், தெரியாத தேர்வு என்று சொல்லி வெலெரோவின் பாட் (கன்டெய்னர்கள் ஓடும் அலகு) எழுந்தவுடனே விழும். 1.11, 1.12, 1.13 ஒப்பீட்டளவில் சமதளம். அப்புறம் 1.14. அதுவரை தனியாக இருந்த, வால்யூம் ஸ்னாப்ஷாட் எடுக்கும் சிஎஸ்ஐ ப்ளகின் அந்தப் பதிப்பில் வெலெரோவுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. பழைய ப்ளகினை பட்டியலிலிருந்து எடுக்காவிட்டால் ஒரே வேலைக்கு இருவர் பெயர் கொடுத்த கதையாகி சர்வர் கிளம்ப மறுக்கும்.

1.14-ல் இன்னொன்றும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ரெஸ்டிக், கோப்பியா தரவு வைக்கும் களஞ்சியத்தைச் சுத்தம் செய்யும் பராமரிப்பு வேலை அதில் தனி குபர்னெட்டிஸ் ஜாப், அதாவது ஒருமுறை ஓடி முடியும் வேலை, எனப் பிரிந்தது. 1.15-ல் ஸ்னாப்ஷாட் தரவைப் பக்கெட்டுக்கு நகர்த்தும் வேலையும் தனிப் பாட்களுக்குப் போனது. 1.17-ல் கோப்பு வழி பேக்கப்பும் அதே முறைக்கு வந்துவிட்டது. கைவெர்னோ, கேட்கீப்பர் போன்ற கொள்கைக் காவலர்களை வைத்திருக்கும் கிளஸ்டரில், இதுவரை பார்த்திராத இந்தப் பாட்கள் வாசலிலேயே தடுக்கப்படலாம். பேக்கப் ஒழுங்காக ஓடும், பராமரிப்பு மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும். பக்கெட் ஊதிப்பெருத்த பிறகுதான் தெரியவரும்.

ஹெல்ம் வழியாகப் போகிறவர்களுக்கு இரண்டு முள். சார்ட் 4-ல் பக்கெட் விவரம் எழுதும் முறை மாறி, அது ஒரு பட்டியலாக ஆனது. பழைய வேல்யூஸ் (அமைப்பு) கோப்பை அப்படியே கொடுத்தால் வேலை செய்யாது. இரண்டாவது, ஹெல்ம் தானாக சிஆர்டிகளைப் புதுப்பிக்காது என்பதால் அதற்கென்று ஒரு ஜாபை சார்ட் ஓட்டுகிறது. அந்த ஜாப் பிட்னாமி வழங்கும் கியூப்சிடிஎல் (குபர்னெட்டிஸ் கட்டளைக் கருவி) இமேஜை நம்பியிருந்தது. 2025-ல் பிட்னாமி தன் இலவச இமேஜ்களை வேறு இடத்துக்கு மாற்றியபோது, வெலெரோவில் எந்தப் பிழையும் இல்லாமலேயே பலருக்கு மேம்படுத்தல் பாதியில் தொங்கியது. பழைய சார்ட்களின் வழியே படிப்படியாக ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இந்த இமேஜ் முகவரியை நாமே மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். எட்டு படி, எட்டு முறை. இந்த வழியில் எனக்குள்ள சலிப்புக்கு முக்கியக் காரணம் இதுதான். நடுவில் உள்ள பதிப்புகளில் யாரும் வாழப்போவதில்லை, ஆனால் அவற்றின் பழுதுகளை மட்டும் நாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறோம்.

துடைத்துவிட்டு நேராகப் புதியதை நிறுவுவது

வெலெரோவின் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதன் உண்மையான நினைவு கிளஸ்டரில் இல்லை, பக்கெட்டில் இருக்கிறது என்பது. கிளஸ்டரில் தெரியும் பேக்கப் பொருள்கள் வெறும் நிழல்தான். புதிதாக நிறுவிய வெலெரோவுக்குப் பழைய பக்கெட்டைக் காட்டினால், ஓரிரு நிமிடத்தில் அங்குள்ள பேக்கப்கள் எல்லாம் பட்டியலில் வந்து நிற்கும். வெலெரோவின் நேம்ஸ்பேஸை (கிளஸ்டருக்குள் அதற்கென்று ஒதுக்கிய பிரிவை) அழித்தாலும் பக்கெட்டில் உள்ள தரவு போகாது. வெலெரோவின் சொந்தக் கட்டளையில் பேக்கப்பை அழித்தால்தான் போகும். ஆக 1.9-ஐ முழுக்க எடுத்துவிட்டு 1.16-ஐ நேராக நிறுவலாம். நடுவில் உள்ள எந்தப் பதிப்பின் பழுதையும் தொட வேண்டியதில்லை.

பக்கெட்டில் இல்லாதவை என்னென்ன என்று தெரிந்துகொண்டு செய்தால் போதும். ஷெட்யூல்கள் கிளஸ்டரில் மட்டுமே இருக்கும். அவற்றை யாம்ல் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பப் போடும்போது ரெஸ்டிக் பெயரில் இருக்கும் பழைய புலத்தைப் புதிய பெயருக்கு மாற்றி எழுதுங்கள். பக்கெட் விவரமும் ஸ்னாப்ஷாட் இட விவரமும் அப்படித்தான்.

களஞ்சியக் கடவுச்சொல்லை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ரெஸ்டிக்கும் கோப்பியாவும் தரவை மறைகுறியாக்கித்தான் வைக்கின்றன. அதற்கான கடவுச்சொல் வெலெரோ நேம்ஸ்பேஸில் ஒரு சீக்ரெட்டில் இருக்கிறது. யாரும் மாற்றவில்லை என்றால் அது எல்லா நிறுவலிலும் ஒரே இயல்புச் சொல், அதனால் புதிய நிறுவலிலும் தானாகப் பொருந்திவிடும். (அது பாதுகாப்பா என்று கேட்டால், இல்லை.) உங்களுக்கு முன்னால் இருந்த யாரோ பொறுப்பாக அதை மாற்றியிருந்தால், அந்த சீக்ரெட்டை எடுத்து வைக்காமல் நேம்ஸ்பேஸை அழித்த கணத்தில் கோப்பு வழிப் பேக்கப் எல்லாம் திறக்க முடியாத பெட்டிகளாகிவிடும். பக்கெட் முழுதாக இருக்கும், ஒன்றும் வாசிக்க வராது. இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறவர் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சீக்ரெட்டைக் கிளஸ்டருக்கு வெளியே ஓர் இடத்தில் வைப்பது. உண்மையில் எந்த வழியானாலும் அதைச் செய்ய வேண்டும்.

கட்டளை வழியாக நிறுவியிருந்ததை இந்தச் சாக்கில் ஹெல்முக்கு மாற்றுகிறவர்களுக்கு ஒரு சின்னக் குழி. கட்டளை வழியில் சர்வீஸ் அக்கவுன்ட்டின் (கிளஸ்டருக்குள் மென்பொருளின் அடையாளம்) பெயர் வெலெரோ. ஹெல்ம் சார்ட் இயல்பாக வைப்பது வெலெரோ-சர்வர். இகேஎஸ்ஸில் ஐஆர்எஸ்ஏ (சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கு அமேசான் அனுமதியை இணைக்கும் முறை) மூலம் எஸ்3-க்கு அனுமதி கொடுத்திருந்தால், அமேசானின் அனுமதி அமைப்பான ஐஏஎம்மில் உள்ள ரோலின் நம்பிக்கைக் கொள்கையில் பழைய பெயர்தான் எழுதியிருக்கும். எல்லாம் சரியாக நிறுவிய பிறகும் பக்கெட் கிடைக்கவில்லை என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

அமேசான் அல்லாமல், மினியோ மாதிரி எஸ்3-ஐப் போல நடந்துகொள்ளும் சேமிப்பகம் வைத்திருப்பவர்கள் ப்ளகின் 1.9-க்கோ அதற்கு மேலோ போகும்போது செக்சம் (தரவு பிழையின்றிப் போனதா என்று பார்க்கும் எண்) தேர்வையும் பார்க்க வேண்டும். ப்ளகினுக்குள் இருக்கும் அமேசானின் புதிய எஸ்டிகே (நிரல் தொகுப்பு) பதிவேற்றும்போது செக்சம் சேர்த்து அனுப்புகிறது. சில சேமிப்பகங்கள் அதை ஏற்பதில்லை. பக்கெட் விவரத்தில் அந்த மதிப்பைக் காலியாக ("") எழுதினால் சரியாகிவிடும்.

செலவு? முதல் கோப்பியா பேக்கப் முழுப் பேக்கப். ரெஸ்டிக் சேர்த்து வைத்தது அதற்கு உதவாது. பக்கெட்டில் ரெஸ்டிக்குக்கும் கோப்பியாவுக்கும் தனித்தனிக் கோப்புறை. பழையது காலாவதியாகும் வரை இரண்டுக்கும் வாடகை கட்ட வேண்டும். முதல் இரவில் நோட்-ஏஜென்ட்டின் நினைவக வரம்பையும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

30 நாள் ஆயுளோடு இருப்பவர்களுக்கு என் பரிந்துரை இந்த வழிதான், பதிப்பு 1.16 அல்லது 1.17. ஒரு மாதம் பொறுத்தால் பக்கெட்டில் ரெஸ்டிக் பேக்கப்பே மிச்சமிருக்காது. பழையதை மீட்கும் வசதி அதுவரை தேவை, அது இரண்டு பதிப்பிலும் இருக்கிறது.

பக்கத்திலேயே புதுக்கணக்கு தொடங்குவது

ஆண்டுக் கணக்கில் பேக்கப் வைத்திருக்க வேண்டியவர்கள் பழைய பேரேட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் புதுக்கணக்கு தொடங்குவதுதான் நல்லது. புதிய வெலெரோ, புதிய பக்கெட் அல்லது புதிய ப்ரிஃபிக்ஸ் (பக்கெட்டுக்குள் தனிப் பாதை). பழைய பக்கெட்டை அதில் இரண்டாவது இடமாகச் சேர்த்து, வாசிக்க மட்டும் என்று குறித்துவிட வேண்டும். வாசிக்க மட்டும் என்று குறித்த இடத்தில் காலாவதியான பேக்கப்பை வெலெரோ அழிக்காது. தணிக்கைக்கு வைத்திருப்பவருக்கு அது வரம். செலவைப் பார்ப்பவர் ஒரு நாள் கையால் அழிக்க வேண்டும்.

புதிய கிளஸ்டர் கட்டி அதற்குக் குடிபோகிறீர்கள் என்றால் இந்த வழி தானாகவே அமைந்துவிடும், வேறு யோசனையே வேண்டாம். ஒரே கிளஸ்டரில் இரண்டு நேம்ஸ்பேஸில் இரண்டு வெலெரோவை ஓட்டும்போதுதான் நிதானம் தேவை. இரண்டும் ஒரே ப்ரிஃபிக்ஸில் எழுதக் கூடாது. ஒருவர் எழுத, இன்னொருவர் பராமரிப்பு என்று துடைக்க, களஞ்சியம் குழம்பும்.

அதைவிடப் பெரிய ஆபத்து கடைசி நாளில் காத்திருக்கிறது. நேம்ஸ்பேஸ் இரண்டானாலும் சிஆர்டி கிளஸ்டர் முழுவதற்கும் ஒன்றுதான். எல்லாம் நன்றாக ஓடுகிறது, பழையதை எடுத்துவிடலாம் என்று வெலெரோவின் நீக்கும் கட்டளையைப் பழைய நேம்ஸ்பேஸுக்குக் கொடுத்தால், அது சிஆர்டிகளையும் சேர்த்து அழிக்கும். சிஆர்டி போனால் அதன் கீழிருந்த பொருள்கள் எல்லாம் போகும். புதிய வெலெரோவின் ஷெட்யூல்களும் பக்கெட் விவரங்களும் அதோடு காணாமல் போய்விடும். பக்கெட்டில் உள்ள தரவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மறுநாள் இரவு எந்தப் பேக்கப்பும் ஓடாது. பழையதை நீக்கும்போது டிப்ளாய்மென்ட், டீமன்செட் என்று பெயர் சொல்லி அழிக்க வேண்டும், அந்தக் கட்டளை வேண்டாம்.

ஏழு வருடம் என்ற கணக்குக்கு 1.19 ஒரு சுவராக நிற்கிறதே என்றால், ஒரு ஆறுதல் இருக்கிறது. ரெஸ்டிக் தனியாக வாழும் திறமூலக் கருவி. பக்கெட்டில் ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும் ஒரு களஞ்சியம் என்று வெலெரோ வைத்திருக்கிறது. கடவுச்சொல் கையில் இருந்தால் வெலெரோவே இல்லாமல் ரெஸ்டிக்கை மட்டும் வைத்துக் கோப்புகளை வெளியே எடுக்கலாம். டிப்ளாய்மென்ட் போன்றவை சாதாரண ஜேசனாகச் சுருக்கிவைத்த கோப்பில் இருக்கின்றன. தணிக்கைக்காரர் கேட்பது பெரும்பாலும் தரவைத்தான், ஓடும் பாட்-ஐ அல்ல. அவருக்கு இது போதும்.

வெலெரோவையே விட்டுவிடுவது

மேகக்கணி நிறுவனமே பேக்கப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதும் ஒரு வழி. கூகுளிடம் அதன் குபர்னெட்டிஸ் சேவையான ஜிகேஇ-க்கென்று பேக்கப் சேவை இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் தன் சேவையான ஏகேஎஸ்ஸுக்கு வைத்திருக்கிறது, அமேசானும் தன் பேக்கப் சேவையில் இகேஎஸ்ஸைச் சேர்த்துவிட்டது. ரெட் ஹாட்டின் குபர்னெட்டிஸ் தளமான ஓப்பன்ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு அந்நிறுவனத்தின் பேக்கப் மென்பொருளான ஓஏடிபி இருக்கிறது. அதன் உள்ளே ஓடுவது வெலெரோதான், ஆனால் எந்தப் பதிப்பு என்பதை அதை நிறுவி நிர்வகிக்கும் ஆபரேட்டர் என்ற மென்பொருள் முடிவு செய்யும். 2020-ல் வீம் நிறுவனம் வாங்கிய காஸ்டன் நல்ல திரை, நல்ல ஆதரவு எல்லாம் உள்ள வணிகப் பொருள். அதிலும் மேம்படுத்தலை ஒத்திப்போட முடியாது, ஒரே தாவலில் அதிகபட்சம் நான்கு பதிப்புதான் என்கிறார்கள். அடிக்கடி பதிப்பு வருவதால் அந்த நான்கு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஒரே நிறுவனத்தின் கிளஸ்டர்கள் மட்டும், பேக்கப்பைக் கவனிக்கத் தனி ஆள் இல்லை என்கிற குழுவுக்கு இது நியாயமான முடிவு. ஆனால் பழைய பேக்கப் எதுவும் கூட வராது என்பதை மறக்காதீர்கள். அதற்காகக் கொஞ்ச காலம் வெலெரோவையும் வைத்திருக்கத்தான் வேண்டும். இரண்டு மேகக்கணியில் கிளஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும்

கிளஸ்டரை முதலில் மேம்படுத்துவதா, வெலெரோவையா? வெலெரோவை. புதிய வெலெரோ பழைய கிளஸ்டரில் ஓடி, ஒரு பேக்கப் எடுத்து, அதை மீட்டும் காட்டிய பிறகு கிளஸ்டரைத் தொடுங்கள். மாற்றிச் செய்தால், பேக்கப் மிக அவசியமான அந்த நாளில் பேக்கப் மென்பொருளின் நிலைமை யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வெலெரோவும் எந்தெந்த குபர்னெட்டிஸ் பதிப்புகளில் சோதிக்கப்பட்டது என்று அதன் பக்கத்தில் ஒரு அட்டவணை உண்டு. 1.9-ல் நிற்கும் கிளஸ்டரும் பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால் மூன்றாவது வழி, அதாவது புதிய கிளஸ்டரும் புதிய வெலெரோவும், எல்லாவற்றையும்விட மலிவாக முடியும்.

வேலைக்கு முன் பக்கெட்டில் வெர்ஷனிங்கை (மாறிய, அழிந்த கோப்பின் பழைய பிரதியை வைத்திருக்கும் வசதி) இயக்கி வையுங்கள். ஷெட்யூல்களை நிறுத்தி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பேக்கப்பின் நடுவில் சர்வர் மறுபடி கிளம்பினால் அந்தப் பேக்கப்பைத் தோல்வி என்று குறித்துவிடும். மறுபடி இயக்கியதும், தவறிய நேரத்துக்கெல்லாம் சேர்த்து உடனே ஒரு பேக்கப் ஓடலாம். பகலில் என்றால் அதையும் கணக்கில் வையுங்கள்.

முடிந்ததா என்று பார்க்க பேக்கப் பட்டியல் போதாது. பழைய ரெஸ்டிக் பேக்கப் ஒன்று, புதிய கோப்பியா பேக்கப் ஒன்று, இரண்டையும் வேறு நேம்ஸ்பேஸ் பெயரில் மீட்டுப் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் வால்யூமின் மேல் வெலெரோ எழுதாது என்பதால் அதே நேம்ஸ்பேஸில் மீட்டால் எதையும் சோதித்ததாக ஆகாது. அப்படி மீட்கும்போது கிரான்ஜாப்களையும் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) இன்கிரஸ்களையும் (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான வாசல்கள்) விலக்கிவிடுங்கள். சோதனைக்கு மீட்ட கிரான்ஜாப் நிஜ வாடிக்கையாளர்களுக்கு மறுபடி மின்னஞ்சல் அனுப்பிவிட்டது என்றால் அன்றைய நாள் வேறு மாதிரி போகும்.

பழைய பக்கெட்டின் செலவைக் குறைக்க எஸ்3-ல் ஆயுள் விதி போடலாமா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். இத்தனை நாளுக்கு மேற்பட்ட பொருளை அழி என்ற விதியைப் புழக்கத்தில் இருக்கும் களஞ்சியத்தில் போடவே கூடாது. ரெஸ்டிக், கோப்பியா இரண்டும் ஒரே துண்டைப் பல பேக்கப்களுக்குப் பகிர்ந்து வைப்பவை. ஒரு வருடத்துக்கு முன் எழுதிய துண்டு நேற்றைய பேக்கப்புக்கும் தேவைப்படலாம். எஸ்3-ன் மலிவான காப்பக வகையான கிளேசியருக்கு நகர்த்தும் விதியும் இதே காரணத்தால் வேண்டாம், கேட்டவுடன் தராத இடத்திலிருந்து களஞ்சியம் திறக்காது. பூட்டி வைத்த பழைய ப்ரிஃபிக்ஸை, கடைசிப் பேக்கப்பின் கெடு முடிந்த பிறகு, மொத்தமாக அழிக்கலாம். 1.19-ஐ நிறுவும் நாளை அதற்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.